பிறவாத அரைமணி

சுங்கைப்பட்டாணியில் எங்கள் வீட்டுக்கு எதிர்வரிசையில் குடியிருக்கும் அம்மையார் ஒருவர், தம் கணவருக்கு அறுபதாம் கல்யாணம் செய்துவைக்க நிச்சயித்து, அதற்கென எடுத்த ஜாதகப் பிரதிகள் இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் இட்டுக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என்னிடம் வந்து சேர்ந்தார். இரண்டும் கணினி கணித்தவை. பிறந்த தேதி, இடம், நேரம் ஆகியவை இரண்டிலும் அட்சரம் பிசகாமல் ஒன்றாகவே இருந்தன. ஆயினும் ஒன்று அவரை ரேவதி நட்சத்திரக்காரர் என்றது, மற்றொன்று அசுவினி என்று சாதித்தது. மனிதர் 1965-ஆம் ஆண்டு, பீடோங் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் ஆஸ்பத்திரியில், ரேவதி முடிந்து அசுவினி தொடங்கும் சந்தியில் பிறந்தவர் போலும். டிரஸ்ஸர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்த நேரம்தான் குடும்பத்தாரிடம் இருந்த ஒரே சாட்சி.

“சார், இவரு மீனமா மேஷமான்னே தெரியாம எந்த நாள்ல சார் கல்யாணத்த வைக்கிறது?” என்று அவர் கேட்டார்.

தமிழ்ப்பள்ளியில் 31 ஆண்டு கற்பித்து ஓய்வு பெற்றவனுக்கு ஜோதிடமும் தெரியாது, கணினியும் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் ஆசிரியத் தொழிலுக்கு ஓர் அனுகூலம் உண்டு: எந்தச் சங்கடத்துக்கும் ஒரு பழைய மாணவன் அகப்படுவான். என் மாணவன் ஒருவன் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில், தொழிற்சாலை ஒன்றின் சர்வர்களைப் பராமரிக்கும் உத்தியோகத்தில் இருக்கிறான். அழைத்தேன்; வந்தான்; மடிக்கணினியைத் திறந்து, கறுப்புத் திரையில் ‘ஸீடம்ப்’ என்னும் கட்டளையையும் அதன்பின் ‘ஆசியா, கோலாலம்பூர்’ என்பதையும் தட்டினான். பத்துப் பதினைந்து வரிகள் விழுந்தன. கடைசி வரிகளை விரலால் தொட்டுக் காட்டினான்.

“இங்க பாருங்க சார். 1981 டிசம்பர் 31, வியாழக்கிழமை, ராத்திரி 11 மணி 29 நிமிஷம் 59 வினாடி. அடுத்த வரி 1982 ஜனவரி 1, வெள்ளிக்கிழமை, சரியா 12 மணி. நடுவுல உள்ள அரைமணி நம்ம நாட்டுல பொறக்கவே இல்ல.”

விஷயம் விளங்கிவிட்டது. தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 பிறக்கும் வரை கிரீன்விச்சுக்கு 7 மணி 30 நிமிடம் முந்தியிருந்தது; அதற்குப் பிறகு 8 மணி முந்தியிருக்கிறது. ஒரு மென்பொருள் இந்த வரலாற்றைப் பார்த்துக் கணித்தது; மற்றொன்று இன்றைய 8 மணியே ஆதிமுதல் இருந்ததாக எண்ணிக்கொண்டு, மனிதரை அரைமணி முன்னதாகவே பிறக்கச் செய்து, ரேவதியில் தள்ளிவிட்டது. அசுவினிதான் சரி. அம்மையார் நிம்மதியுடன் போனார். எனக்கோ வேறொரு கேள்வி எஞ்சியது: கூலிமிலிருந்து வந்த ஒரு மடிக்கணினியில், எங்கள் தோட்டத்துக் கடிகாரத்தின் பழைய சரித்திரத்தை எழுதி வைத்தவர் யார்? எழுதியதை இன்றளவும் அழியாமல் காப்பவர் யார்? அன்று தொடங்கிய விசாரணையின் விளைவே இக்கட்டுரை.

மாணவன் பராமரிக்கும் சர்வர்களில் ஓடும் லினக்ஸின் பெயரை வாசகர் கேள்விப்பட்டிருக்கக்கூடும். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் தொடங்கி, மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தந்து வெளியிட்ட இயங்குதளத்தின் கரு அது. கருவென்று சொன்னால் தோட்டத்துத் துரை போல. தோட்டத்துக்குத் துரை பெயர்தான் வழங்கும். ஆனால் விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆளை நிறுத்துவது மண்டோர், வந்தவர் வராதவர் கணக்கைச் செக்ரோலில் ஏற்றுவது கிராணி, காயத்துக்குக் கட்டுப் போடுவது டிரஸ்ஸர், ராத்திரி காவல் இருப்பது வாட்ச்மேன். அதுபோலவே ஒரு சர்வரில், குறித்த நேரத்துக்குக் குறித்த வேலையைத் தொடங்குவது ‘கிரான்’. இன்னாருக்கு இன்ன அதிகாரம் என்று வரையறுத்து, சாமானியப் பயனருக்கு வேண்டிய பொழுது மட்டும் தலைமை அதிகாரத்தை இரவல் தருவது ‘சூடோ’. நடந்ததையெல்லாம் எழுதி வைத்து, ஏடு பெருத்தால் பழையதைச் சுருட்டிக் கட்டுவது ‘லாக்ரொட்டேட்’. புதிய மென்பொருளைப் பொதியாக இறக்கி அதது இருக்க வேண்டிய இடத்தில் வைப்பது ‘ஆப்ட்’. இவற்றைத்தான் அமைப்பு மேலாண்மை மென்பொருள் என்கிறார்கள். வங்கியில் நீங்கள் பணம் எடுக்கும்போதும் கைப்பேசியில் படம் பார்க்கும்போதும் எங்கோ ஒரு கட்டடத்தில் இவை ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒருவரும் இவற்றின் பெயர் சொல்வதில்லை, செயலிழந்த அன்றைய தினத்தைத் தவிர.

இந்தப் பரிவாரத்தில் மிகச் சிறியது, மாணவன் எனக்குக் காட்டிய நேரக்கோப்பு. டீஸெட் தரவுத்தொகுப்பு என்று அதற்குப் பெயர். சுருக்கிக் கட்டினால் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். அமெரிக்கத் தேசிய சுகாதார ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் 1980-களின் நடுவில் இதைத் தொடங்கினார். லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் எகெர்ட் பின்னர் பொறுப்பேற்று இன்றும் பராமரித்து வருகிறார். லினக்ஸ் மட்டுமன்று, நம் கைப்பேசிகளும் ஆப்பிள் கணினிகளும்கூட உள்ளூர் நேரத்தை அறிவது இந்தக் கோப்பைக் கேட்டுத்தான். ஒரு நாட்டு மந்திரி சபை, ‘அடுத்த வாரம் முதல் ஒரு மணி நேரம் மாற்றுகிறோம்’ என்று அறிக்கை விட்டால், அதை எங்கிருந்தோ ஒருவர் படித்து, இவர்களுக்கு எழுதி, இவர்கள் சரிபார்த்து, புதிய பதிப்பை வெளியிட்டு, அது உலகின் கணினிகளை அடைந்தால்தான் அந்த நாட்டில் அலாரம் சரியாக அடிக்கும்.

கோலாலம்பூருக்கு அதில் எழுதப்பட்டிருக்கும் வரலாறு, சரித்திரப் புத்தகத்தின் ஓர் அத்தியாயத்தை அரைப் பக்கத்தில் வடித்தது போன்றது. முதலில் சூரியனைப் பார்த்து வைத்த நேரம், 6 மணி 46 நிமிடம் 46 வினாடி. 1901 முதல் சிங்கப்பூர் நேரம், 6 மணி 55 நிமிடம் 25 வினாடி. 1905 ஜூன் முதல் 7 மணி. 1933-இல் 20 நிமிடம் கூட்டப்பட்டது. 1941 செப்டம்பரில் இன்னும் 10 நிமிடம் கூடி 7.30 ஆயிற்று. பிறகு 1942 பிப்ரவரி 16 என்று ஒரு வரி: அன்று முதல் 9 மணி. சிங்கப்பூர் வீழ்ந்த மறுநாள் அது; ஜப்பானியர் தோக்கியோ நேரத்தையே மலாயாவுக்கும் விதித்தனர். 1945 செப்டம்பர் 12-இல் மீண்டும் 7.30. என் பாட்டி ‘ஜப்பான் மணி’ என்று சொல்லும்போது அது ஏதோ கைக்கடிகாரத்தின் பெயர் என்று சிறுவயதில் நினைத்திருந்தேன்.

எங்கள் கெடா மாநிலத்துக்கென்று அதில் தனி வரி கிடையாது. தீபகற்பம் முழுவதற்கும் கோலாலம்பூரே பெயர். ஆனால் கடைசி மாற்றத்தில் ஒரு கெடாக்காரரின் கை உண்டு. அலோர்ஸ்டாரில் பிறந்த டாக்டர் மகாதீர் முகம்மது 1981 ஜூலையில் பிரதமரானார். சபா, சரவாக் மாநிலங்களும் தீபகற்பமும் ஒரே கடிகாரத்தில் இருக்க வேண்டுமென்று அவருடைய அரசாங்கம் தீர்மானித்து, அந்த ஆண்டின் கடைசி இரவில் அரைமணியை விழுங்கிற்று. சிங்கப்பூரும் கூடவே மாறிற்று. அலோர்ஸ்டாரின் தீர்க்கரேகைப்படி அங்கே சூரியன் கணக்கு ஏறத்தாழ 6 மணி 41 நிமிடம்தான். ஆகவே இன்று கெடாவில் உச்சிவேளை என்பது, கடிகாரத்தில் சராசரியாக மதியம் ஒன்றேகால் மணிக்கு மேல் வருகிறது. ஜனவரி மாதத்தில் விடிவதற்கு ஏழரை ஆகிவிடுகிறது. வடக்கே பள்ளிப் பிள்ளைகள் இருட்டில் பேருந்துக்கு நிற்பதற்கு இதுவே காரணம்.

நான் வியந்தது எண்களைக் கண்டல்ல. அந்தக் கோப்பை மாணவன் எனக்கு மூலவடிவில் திறந்து காட்டினான். எண் வரிகளைவிட, வரித்தொடக்கத்தில் ஒரு குறியிட்டு எழுதிய, ‘கமெண்டு’ எனப்படும் விளக்க வரிகளே அதில் மிகுதி. அவற்றைக் கணினி படிப்பதில்லை. மனிதர் படிப்பதற்காக மட்டும் எழுதப்பட்டவை. இன்ன மாற்றத்தை இன்னார் இன்ன தேதியில் தெரிவித்தார், இன்ன செய்தித்தாள் ஆதாரம், இன்ன நூல் வேறு விதமாகச் சொல்கிறது, நாங்கள் இதை ஏற்ற காரணம் இது என்று, பழைய உரையாசிரியர் பாடபேதம் காட்டுவதுபோல, ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் சொல்லப்பட்டிருக்கிறது. ‘இக்கோப்பு எவ்வகையிலும் இறுதிப் பிரமாணமன்று, உமக்கு இதைவிட நன்றாகத் தெரியுமானால் திருத்தி, எமக்கும் அனுப்புக’ என்ற கருத்தில் முகப்பிலேயே ஒரு விண்ணப்பம் இருக்கிறது. அரசாங்கக் கெஜட்டுகளை எவ்வளவோ படித்திருக்கிறேன். இப்படியொரு விநயத்தை எதிலும் கண்டதில்லை.

இலங்கைப் பகுதியைக் காட்டும்படி கேட்டேன். 1996 மே மாதத்தில் அந்நாடு மின்சாரச் சிக்கனத்துக்காக ஐந்தரையிலிருந்து ஆறரை மணிக்குத் தாவி, அக்டோபரில் ஆறுக்கு இறங்கி, 2006 ஏப்ரலில், புத்தாண்டை ஒட்டி, மீண்டும் ஐந்தரைக்கு வந்து சேர்ந்த கதை அங்கே இருக்கிறது. அதனடியில், விடுதலைப் புலிகள் 1996-ஆம் ஆண்டின் மாற்றத்தை ஏற்கவே இல்லை, தங்கள் பகுதியில் பழைய ஐந்தரை மணியையே வைத்திருந்தனர் என்ற ராய்ட்டர் செய்தியும் குறிப்பாக ஏற்றப்பட்டிருக்கிறது. ஒரே தீவில் பத்தாண்டு காலம் இரண்டு கடிகாரங்கள் ஓடின. கணினிக்கு அந்தத் தகவல் தேவையில்லை. கொழும்பு என்ற ஒரு பெயர் போதும். ஆயினும் யாரோ ஒருவர் அது தெரிந்திருக்க வேண்டுமென்று கருதி எழுதி வைத்தார். யுத்தம் முடிந்து, சாட்சிகளும் சிதறிவிட்ட பிறகு, வன்னியில் ஒரு குழந்தை பிறந்த நேரம் எந்தக் கடிகாரத்தின் நேரம் என்ற கேள்விக்கு, உலகத்துச் சர்வர்களில் எல்லாம் பயன்படும் இந்தக் கோப்பின் மூலத்தில், விளக்க வரிகளுக்குள் ஒரு துப்பு கிடக்கிறது.

இதைச் சொல்லும்போது ஒரு வழக்கையும் சொல்லியாக வேண்டும். எதிர்வரிசை அம்மையார் கொண்டுவந்த ஜாதகத்தோடு அதற்கு உறவு உண்டு. 2011 செப்டம்பர் 30-ஆம் தேதி, ஓல்சன் மீதும் எகெர்ட் மீதும் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒரு நிறுவனம் வழக்குத் தொடர்ந்தது. பழைய நேரமாற்ற விவரங்கள் தனக்குப் பதிப்புரிமையுள்ள ஓர் அட்லஸிலிருந்து எடுக்கப்பட்டவை என்பது அதன் புகார். அந்த ஆஸ்ட்ரோலேப் நிறுவனம் என்ன வியாபாரம் செய்தது தெரியுமா? ஜோதிட மென்பொருள். பிறந்த நேரத்தின் சரித்திரம் வேண்டியவர் நம்மவர் மட்டுமல்லர் என்பது தெளிவாயிற்று. வழக்கு வந்த சில நாட்களில் ஓல்சன் நடத்திவந்த பதிவிறக்கத் தளம் மூடப்பட்டது. உலகத்துக் கணினிகளின் கடிகாரம், இரண்டு தனிமனிதரின் ஓய்வுநேர உபகாரத்தை நம்பி நின்றது என்ற உண்மை அன்றுதான் பலருக்கு உறைத்தது. அக்டோபர் நடுவில், இணைய எண்களையும் பெயர்களையும் நிர்வகிக்கும் ஐயானா அமைப்பு கோப்பைத் தன் பொறுப்பில் ஏற்றது. எப்போது சூரியன் உதித்தது, எப்போது அரசாங்கம் கடிகாரத்தை மாற்றியது என்பவை நடந்த உண்மைகள். உண்மைக்குப் பதிப்புரிமை கிடையாது என்ற வாதத்தின் முன், நிறுவனம் 2012 பிப்ரவரியில் வழக்கைத் திரும்பப் பெற்று, வருத்தமும் தெரிவித்தது.

பராமரிப்பு என்றால் அச்சடித்த புத்தகத்தைத் தூசு தட்டி வைப்பதுபோல என்று எண்ணிவிடக் கூடாது. அதில் சச்சரவு உண்டு. 1970-க்குப் பிறகு நேரத்தில் வேறுபடாத ஊர்களுக்குத் தனித்தனி வரலாறு எதற்கு, எல்லாவற்றையும் சமமாக நடத்த நம்மால் இயலாது, ஆகவே ஒன்றோடொன்று இணைத்துவிடுவோம் என்று எகெர்ட் முடிவு செய்தார். நீண்டநாள் துணைநின்றவர்களிலேயே சிலர் கடுமையாக ஆட்சேபித்தனர். 2022-இல் கோலாலம்பூரும் அந்த வரிசையில் சேர்ந்து, சிங்கப்பூரின் மறுபெயராக ஆயிற்று. அதன் தனி வரலாறு ‘பேக்ஸோன்’ என்னும் மற்றொரு கோப்புக்கு, ஆகாத சாமானைப் பரண்மேல் ஏற்றுவதுபோல், ஏற்றப்பட்டது. வேண்டுவோர் ஏணி வைத்து எடுத்துக்கொள்ளலாம். பராமரிப்பவரின் சிரமம் எனக்குப் புரியாமலில்லை. இருந்தாலும் கோலாலம்பூரின் 46 வினாடி பரணில் கிடப்பதை நான் விரும்பவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். கோப்பின் முகப்பு விண்ணப்பம் என்னைப் போன்ற முணுமுணுப்பாளருக்கும் சேர்த்து எழுதியதுதானே.

மாணவன் தன் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது, நேரக்கோப்பு பாக்கியசாலி என்று தோன்றிற்று. அதற்கு ஒரு எகெர்டும் ஒரு ஐயானாவும் இருக்கின்றனர். மற்றவை அப்படியல்ல. டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பு 1993 முதல் தன்னார்வலர்களால் நடத்தப்படுவது. பல்லாயிரம் பொதிகள் கொண்டது. ஒவ்வொரு பொதிக்கும் பொறுப்பாளர் ஒருவர் பெயர் குறித்திருக்கும். அவர் சலித்துவிட்டாலோ, வாழ்க்கை வேறு பக்கம் இழுத்துப் போனாலோ, அந்தப் பொதியை ‘அநாதை’ என்றே பட்டியலிடுகிறார்கள். விரும்பும் ஒருவர் ‘தத்து எடுக்கிறேன்’ என்று அறிவித்து ஏற்கலாம். பரிகாசத்துக்காக வைத்த சொற்களல்ல, அங்கே வழங்கும் நிர்வாகச் சொற்களே இவை. தத்தெடுப்பவர் நல்லவரா என்று யார் பார்ப்பது?

அந்தக் கேள்வி 2024-ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று, மார்ச் 29-இல், உலகத்தின் முன் வந்து நின்றது. ‘எக்ஸ்ஸெட்’ என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறு மென்பொருள்; அமைப்பு மேலாண்மைக் கருவிகள் பலவும் அதன் மேல் நிற்கின்றன. பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே கொலின் அதைத் தனி ஒருவராகப் பல்லாண்டு காத்துவந்தார். மனம் சோர்ந்து, வேலை தாமதப்பட்டபோது, முகமறியாத சிலர் அவரை அவசரப்படுத்தி நச்சரித்தனர். ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் 2021 முதல் உதவிக்கு வந்து, திருத்தங்கள் அனுப்பி, நம்பிக்கை பெற்று, நாளடைவில் கூட்டுப் பொறுப்பாளராகவே ஆனார். பிறகு 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய ஒரு கள்ளவாசலை மறைத்து வைத்தார். அந்தப் பெயருக்குரிய ஆசாமி யாரென்று வெளிப்படவே இல்லை. பிடித்தவர் ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்ற பொறியாளர். பிடித்த விதம்தான் விசேஷம். உள்நுழையும் வேலை வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக எடுக்கிறதே என்று அவருக்கு உறுத்திற்று. அரை வினாடி! நம்மில் யார் கவனித்திருப்போம்? அவர் தோண்டினார், பரவலாக வெளியாகும் முன் சதி அம்பலமாயிற்று.

“அன்னிக்கு எங்க சர்வர்ல பழைய பதிப்புதான் சார் இருந்துச்சு, ஒண்ணும் ஆகல. ஆனாலும் ராத்திரி முழுக்க ஒவ்வொண்ணா பார்த்தேன்,” என்றான் மாணவன். “அந்த ஆள் மேல எனக்குக் கோபம் வரல. லாஸ்ஸேய நெனச்சாதான் பாவமா இருந்துச்சு. ஒத்த ஆளு சார்.”

ஒற்றை ஆள் என்பது இத்துறையில் விதிவிலக்கன்று. ‘சூடோ’வின் மூலம் 1980-இல் பபலோவிலுள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்டது, டாட் மில்லர் என்பவர் 30 ஆண்டுகளுக்கும் மேலாக அதைத் தாங்கி நிற்கிறார். கோடிக்கணக்கான கணினிகளின் சாவிக்கொத்து அது. 2021 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனத்தார் அதில் ஒரு பிழையைக் கண்டு வெளியிட்டபோது, அது 2011 முதல் அங்கேயே இருந்தது தெரியவந்தது. மூலநிரல் திறந்திருக்கிறது, எல்லாரும் பார்க்கலாம் என்பது உண்மை. எல்லாரும் பார்க்கலாம் என்பதனாலேயே ஒருவரும் பார்க்காமல் பத்தாண்டு கழிந்ததும் உண்மை. கோயில் குளத்தை ஊரே உபயோகிக்கும். தூர் வாருவது யார்?

நிரல் எழுதுவோருக்காவது ஒரு பெருமை கிடைக்கிறது. அதற்கு விளக்கம் எழுதுவோரின் கதி அதற்கும் கீழே. லினக்ஸில் ‘மேன் பக்கங்கள்’ என்று ஒரு கையேடு உண்டு. எந்தக் கட்டளையைப் பற்றியும் அங்கேயே கேட்டால், இன்னது செய்யும், இப்படி அழைக்க வேண்டும், இந்த இடத்தில் எச்சரிக்கை என்று விடை வரும். லினக்ஸ் கருவுக்கும் அதன் அடிப்படை நூலகத்துக்கும் உரிய பக்கங்களை மைக்கேல் கெரிஸ்க் 2004 முதல் பல்லாண்டு பேணி, பிறகு அலெஹாந்திரோ கொலோமர் என்பவரிடம் ஒப்படைத்தார். கொலோமர் நான்கு ஆண்டு ஊதியமில்லாமல் உழைத்து, 2024 செப்டம்பரில், ஆதரவின்றி இனித் தொடர இயலாது என்று வெளிப்படையாக எழுதிவிட்டு வேலையை நிறுத்தினார். பெரிய நிறுவனங்கள் சில பண உதவி செய்ய முன்வந்த பின்னரே அவர் மீண்டார். உலகத்துச் சர்வர்களின் கையேட்டுக்கு ஒருவர் சம்பளம்கூட ஒதுக்கப்படாமல் இருந்தது என்பதை வாசகர் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

மலேசிய அரசாங்கம் இத்துறையில் பின்தங்கியதென்று சொல்ல மாட்டேன். பொதுச்சேவைத் துறைக்கான திறந்தமூல மென்பொருள் பெருந்திட்டம் ஒன்றை மாம்பு என்ற நவீனமயமாக்கல் நிலையம் 2004-இலேயே வகுத்து, அதற்கென ஒரு திறன் மையத்தையும் நடத்திற்று. திட்டத்துக்குத் திறப்புவிழா உண்டு. விளக்கக் குறிப்பைத் திருத்துவதற்கு விழா கிடையாது. தமிழில் இந்த வேலையைப் பொறுமையாகச் செய்தவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். த. சீனிவாசனும் நண்பர்களும் 2012 ஜனவரியில் ‘கணியம்’ என்ற மின்னிதழைத் தொடங்கி, கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலேயே எழுதிவருகின்றனர், து. நித்யா ‘எளிய தமிழில்’ என்ற வரிசையில் லினக்ஸ் முதலியவை குறித்து நூல்கள் எழுதி, எவரும் படிக்கவும் பகிரவும் விட்டிருக்கிறார். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு மலாயிலும் ஆங்கிலத்திலும் கணினி கற்கும் நம் பிள்ளைகளுக்கு அவற்றின் அருமை சட்டென்று விளங்காது. என் மாணவனுக்கு விளங்கியிருக்கிறது. கட்டளை ஒன்றின் நோக்கம் பிடிபடாதபோது தமிழில் படித்தால் சீக்கிரம் ஏறுகிறது என்கிறான்.

அவனிடம் நான் கண்ட மற்றொரு பொருளைச் சொல்ல வேண்டும். சட்டைப் பையில் ஒரு ‘555’ நோட்டு. மளிகைக் கடையில் கடன் எழுதும் சின்னஞ்சிறு நோட்டு. தோட்டத்துக் குடும்பங்களின் பொருளாதார வரலாறு முழுவதும் அதில்தான் இருக்கிறது. அதில் அவன் சர்வரில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதுகிறான்: தேதி, மணி, செய்தது, காரணம், திரும்பப் பழையபடி ஆக்க வழி. கணினியில் எழுதக் கூடாதா என்றேன். கணினியிலும் எழுதுகிறானாம், கணினி படுத்துவிட்டால் அதை எழுப்பும் குறிப்பு அதற்குள்ளேயே இருந்து என்ன பயன் என்றான். டெபியன் பொதிகளிலும் இப்படியொரு மாற்றக் குறிப்பேடு கட்டாயம் உண்டென்றும், ஒவ்வொரு பதிவின் கீழும் பொறுப்பாளர் பெயரும், நாழிகையும், கிரீன்விச்சிலிருந்து எத்தனை மணி தூரம் என்பதும் எழுதியாக வேண்டுமென்றும் சொன்னான். அவன் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், போனவர் எந்தக் குறிப்பும் வைக்காமல் போனதால், நள்ளிரவில் தானாக ஓடும் ஒரு ‘கிரான்’ வேலை எதற்கென்று தெரியாமல், நிறுத்தவும் பயந்து, ஓட விடவும் பயந்து, எட்டு மாதம் கழித்தானாம்.

நான் உள்ளே போய் அலமாரியிலிருந்து ஒரு நீள ஏட்டை எடுத்து வந்து அவனிடம் கொடுத்தேன். என் தந்தையார் பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் கிராணியாக இருந்தவர். தோட்டம் விலைபோய், ரப்பர் செம்பனையாகி, செம்பனை தாமான் குடியிருப்பாகி, ஆபீஸ் காகிதங்கள் எரிக்கப்பட்ட காலத்தில் அவர் காப்பாற்றிய செக்ரோல் அது ஒன்றே. ஆளுக்கொரு வரி, நாளுக்கொரு கட்டம். மழையால் வெட்டு இல்லாத நாட்களுக்கு நெடுக்காக ஒரு கோடு. 1982 ஜனவரி 2, சனிக்கிழமைக்கு நேரே, ஓரத்தில், சிவப்பு மையில், அவருடைய சாய்வெழுத்தில் ஒரு குறிப்பு: ‘நேற்று முதல் புது மணி. பெரட்டு பழைய மணி 5.30 = புது மணி 6.00. ஆட்கள் தாமதம் அல்ல.’

விடியுமுன் வெட்டினால்தான் பால் தாராளமாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். ஆகையால் அரசாங்கம் கடிகாரத்தை மாற்றினாலும் மரம் மாறவில்லை. பெரட்டு சூரியனோடுதான் நின்றது. மறு வருஷம் கணக்குப் பார்க்க வருகிறவன், எல்லாரும் அரைமணி பிந்தி வந்ததாக எண்ணிக் கூலியைப் பிடித்துவிடுவானே என்று, கேட்பாரில்லாமலே அவர் அந்தக் கடைசி மூன்று சொற்களை எழுதியிருக்கிறார்.

மாணவன் அந்த ஓரத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். “தாத்தா கமெண்டு போட்டிருக்காரு சார்,” என்றான். கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டான்.

அறுபதாம் கல்யாணம் அசுவினி நட்சத்திரம் கூடிய ஒரு காலையில் கோயிலில் சிறப்பாக நடந்தது. பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த மாணவன், பாயசம் வருமுன் எழுந்து போனான். கோயில் ஆபீஸில் அர்ச்சனைச் சீட்டும் ஜாதகக் குறிப்பும் அச்சிடும் பழைய கணினி ஒன்று இருக்கிறது. ‘555’ நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, ‘1945 செப்டம்பர் 12 முதல் 1981 டிசம்பர் 31 இரவு 11.30 வரை பிறந்தவர்களுக்கு 7.30 என்று போடவும், 8.00 அல்ல’ என்று தமிழில் எழுதி, அதன் கீழே தேதியும் மணியும் போட்டு, திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தான். குருக்கள் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து அதைப் படித்துவிட்டு, “தம்பி, ஜப்பான்காரன் காலத்துல பொறந்தவங்களும் வராங்க, அதுக்கு என்ன போடறது?” என்று கேட்டார். அவன் ஒட்டியதைப் பிரித்தெடுத்து, இன்னொரு வரி எழுத இடமிருக்கிறதா என்று பார்த்தான்.